திருப்பி அனுப்ப இயலாதவர்

பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் கெசியாவின் வேலை.

நிலவில் உடம்பின் கனம் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அது கால்களுக்குத் தெரியாது. அவை பழைய பழக்கத்தில் தரையை ஓங்கி மிதிக்கும். மிதித்தவர் மேலே போய்க் கூரையில் இடித்துக்கொள்வார். முதல் வாரத்தில் பெரிய பெரிய பொறியாளர்களே சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவார்கள். கெசியா அவர்களைக் கூரையெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு நீளமான அறையில் வரிசையாக நிறுத்துவாள்.

"மிதிக்காதீங்க சார். தரையை மெதுவாப் பின்னால தள்ளுங்க, போதும். விழுந்தாலும் பயமில்ல. விழுந்து முடிக்கிறதுக்குள்ள ஒரு சின்ன ஜெபமே பண்ணிடலாம்."

சொல்லிவிட்டு அவள் நடந்து காட்டுவாள். இருபத்திரண்டு வயது, ஆறே முக்கால் அடி உயரம், ஒடுங்கிய மணிக்கட்டு, நீண்ட கால்கள். ஒவ்வொரு அடிக்கும் இடையில் காற்றில் சற்று நின்றுவிட்டுப் போவதுபோல இருக்கும். புதியவர்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் தணிந்த குரலில் கேட்பார்: "அந்தப் பொண்ணு இதுதானா?"

இதுதான். நிலவில் பிறந்த ஒரே மனித உயிர்.

நிலவின் தென்கோடியில், ஒரு பள்ளத்தின் விளிம்பில் இருந்தது வெண்மேடு குடியிருப்பு. நானூறு பேர். பள்ளத்துக்குள் உறைந்து கிடக்கும் பனியை வெட்டியெடுத்துத் தண்ணீரும் எரிபொருளும் ஆக்குவது தொழில். எல்லோரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ஊர் திரும்பும் தேதி அச்சாகியிருக்கும். கெசியாவின் அட்டையில் அந்த இடத்தில் 'திருப்பி அனுப்ப இயலாதவர்' என்று இருந்தது. நிலவின் இலேசில் வளர்ந்த எலும்பும் இதயமும் பூமியின் கனத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அவள் பிறந்த மறு மாதமே, குடியிருப்பில் இனி யாருக்கும் குழந்தை பிறக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. பெண்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை மருந்து.

அவளிடம் நடை பழகியவர்களில் மோசமான மாணவி கயல்விழி. சிவகாசிக்காரி, பனி ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பார்ப்பவள். மற்றவர்கள் பத்து நாளில் நடந்துவிடுவார்கள். கயல்விழிக்கு நாற்பது நாள் ஆயிற்று. இரண்டு விளக்குகளையும் நிர்வாகியின் மூக்குக் கண்ணாடியையும் உடைத்திருந்தாள். அந்த நாற்பது நாளில் இருவரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

வந்து பதினோரு மாதம் ஆன பிறகு ஒருநாள், வகுப்பு முடிந்த நேரத்தில் கயல்விழி நடை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"என்னக்கா, திரும்பவும் மறந்துபோச்சா நடை?"

"கெசியா, நான் மாசமா இருக்கேன்."

கெசியா சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"மருந்து கேக்கல போல. பதினேழு வாரமாம். எனக்கே இப்பத்தான் தெரியும், இங்க வந்ததுல இருந்து வயிறு ஒழுங்கா இருந்ததே இல்லையா, அப்படித்தான்னு நினைச்சுட்டேன்." கயல்விழி மெத்தையில் உட்கார்ந்தாள். "டாக்டர் நஸ்ரின் எல்லாத்தையும் வெளக்குனாங்க. இப்ப பூமிக்குப் போக முடியாதாம். எறங்கும்போது வர்ற அழுத்தத்தைக் கரு தாங்காது."

"அப்போ?"

"ஒரு ஊசி இருக்காம். திட ஊசின்னு சொல்றாங்க. இருபது வாரத்துக்குள்ள வயித்துல இருக்கும்போதே போட்டா, எலும்பும் இதயமும் பூமிப் பிள்ளை மாதிரியே கெட்டியா வளருமாம். பொறந்தப்புறம் பன்னெண்டு வயசு வரைக்கும் தெனமும் எட்டு மணி நேரம், சுத்திச் சுத்திப் பூமிக் கனத்தை உண்டாக்குற சுழல் அறையில வச்சு வளக்கணும். அப்புறம் ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

"நல்லதுதானே அக்கா?"

"பத்துல ஒரு கரு ஊசியைத் தாங்காது கெசியா." கயல்விழி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "போடலேன்னா பிள்ளை இங்கேயேதான். எனக்கும் அவருக்கும் இன்னும் நாலு வருசத்துல ஒப்பந்தம் முடியுது. பிள்ளையை விட்டுட்டுப் போவோமா? நாங்களும் இங்கேயேதான். சிவகாசியில எங்கம்மா தனியா இருக்கு. ஆனா இதுல எங்களை யாரும் யோசிக்கச் சொல்லல. ஊசியைக் கட்டாயம் ஆக்கப் போறாங்களாம். வர்ற புதன்கிழமை நிர்வாகக் குழு கூடுது. உன்னையும் கூப்பிடுவாங்க."

"என்னையா? நான் என்ன சொல்ல?"

"நீ அங்க சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லு. மழுப்பக் கூடாது." கயல்விழி நிமிர்ந்தாள். "இப்படிப் பொறந்ததுல உனக்கு வருத்தம் உண்டா?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் அவளிடம் நேராகக் கேட்டதில்லை. பரிதாபப்பட்டவர்கள் உண்டு, படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

"உண்டு" என்றாள் கெசியா. "பதினாலு வயசுல ரொம்ப இருந்துச்சு. மார்த்தாண்டத்துல எங்க பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். திரையில பாத்துக்கிட்டிருந்தோம். பந்தி நடக்கும்போது மழை வந்துட்டு. எல்லாரும் இலையைத் தூக்கிட்டு ஓடுதாங்க, ஒரே சிரிப்பு. இங்க இருந்து நாங்க பேசுனா அங்க போய்த் திரும்பி வர மூணு விநாடி ஆகும்லா? நான் சிரிச்சு முடிச்சப்புறம்தான் என் சிரிப்பைக் கேட்டுட்டு அவங்க திரும்பிப் பாத்தாங்க. 'நீ எப்ப மக்களே வருவ?'ன்னு ஒரு அத்தை கேட்டா. நான் பேசாம எந்திரிச்சுப் போயிட்டேன்."

"எங்க?"

"உதிரி சாமான் அறைக்கு. அங்கதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும். யாரும் இல்ல. ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். 'நீர் என்னைப் பூமிக்குன்னு பண்ணினீர், விலாசம் தப்பி இங்க போட்டுட்டீர்'னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு வருசம் ஆராதனைக்கே போகல. அப்பா ஒரு வார்த்தை கேக்கல."

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

"சரியாச்சுன்னு சொல்ல முடியாது." கெசியா யோசித்தாள். "பதினாறு வயசுல ஒரு என்ஜினீயருக்கு முதல்முதலா நடக்கச் சொல்லிக்குடுத்தேன். பெரிய ஆளு. தலை சுத்தி அழுதுட்டாரு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்போது தோணுச்சு, இங்க வர்ற எல்லாருக்கும் அவங்க உடம்பே அந்நியமா இருக்கு. எனக்கு மட்டும் அப்படி இல்ல. இந்த இடத்துக்குன்னு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. அப்போ விலாசம் தப்பலையோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. அந்தச் சந்தேகத்தோடதான் திரும்ப ஆராதனைக்குப் போனேன்."

கயல்விழி சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "சாமி கும்பிடப் போறதுக்கு சந்தேகத்தையா தொணைக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"வேற யாரும் வரலையே அக்கா."

வீட்டுக்கு வந்தபோது கெசியாவின் மனம் கலங்கிப் போயிருந்தது. அவள் அப்பா சத்தியதாஸ் பனிச் சுரங்கத்தில் வெல்டிங் பார்ப்பவர். உதிரி சாமான் அறையில் கூடும் பதினோரு பேர் சபைக்கு மூப்பரும் அவர்தான். அம்மா ரோஸ்லெட் மருத்துவப் பிரிவில் நர்ஸ். மூன்று பேரும் சுவரில் மடக்கும் மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கயல்விழி விஷயம் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கேன். கோவிக்கக் கூடாது."

"கேளு மக்களே."

"நீங்க ரெண்டு பேரும் ஏன் என்னை இஞ்ச வச்சுப் பெத்திய? ஊருக்குப் போயி நிம்மதியா பெத்திருக்கலாம்லா. ஒப்பந்தம் பாதியில நின்னா சம்பளம் போயிரும்னா?"

சத்தியதாஸ் தட்டிலிருந்து கையை எடுத்தார். மனைவியைப் பார்த்தார். ரோஸ்லெட் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரைக் குடித்தாள்.

"ஒனக்கு அப்பிடியா தோணிச்சு இத்தன வருசமா?" என்றார். கோபம் இல்லை. "ஒனக்க அம்மைக்கு நாலு மாசம். அப்பதான் எங்களுக்கே தெரியும். கப்பலு நிக்கி. அப்ப இருந்த டாக்டரு சொன்னாரு, பிள்ளையக் களைஞ்சிட்டு ரெண்டு பேரும் ஏறிப் போங்க, பூமியில எறங்கும்போ பிள்ளை தாங்காதுன்னு. அதுக்கு அடுத்த கப்பலு பத்து மாசம் கழிச்சி."

"அப்புறம்?"

"கப்பலு போச்சி. நாங்க போவல்ல."

"ஒரு தடவையும் போகலையா? நான் பொறந்தப்புறம் நீங்க மாத்தி மாத்தி ஒரு லீவுக்காவது..."

"சேந்தாப்புல அஞ்சு வருசத்தத் தாண்டினா எங்களுக்க எலும்பும் தேஞ்சிரும்லா. இப்ப எனக்கும் ஒனக்க அம்மைக்கும் அந்த அட்டையில போட்டிருக்க தேதி சும்மா பேருக்கு. எங்களையும் திருப்பி அனுப்ப முடியாது. டாக்டருக்குத் தெரியும், ஆபீஸ்ல யாரும் பாக்கல்ல."

கெசியாவால் சாப்பிட முடியவில்லை. மார்த்தாண்டத்து மழையை அவள் பார்த்ததே இல்லை. அப்பா பார்த்திருக்கிறார். அதில் நனைந்து வளர்ந்தவர், அதை விட்டுவிட்டார். அவளுக்குத் தெரிந்து ஒருநாள்கூட அதைப் பற்றி முகம் சுளித்ததில்லை.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ எங்களுக்குக் கடன்பட்டவ மாதிரி நடப்ப. நீ எங்களுக்குக் கிடைச்சவ. அதுல என்ன கணக்கு?" அவர் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். "கொஞ்சம் ரசம் ஊத்து ரோஸ்லெட்."

ரோஸ்லெட் ரசத்தை ஊற்றினாள். பிறகு மகளைப் பார்க்காமலே கேட்டாள்: "புதன்கிழம என்ன சொல்லப் போற?"

"தெரியலம்மா. நீங்க சொல்லுங்க. நீங்க என்ன நினைக்கீங்க?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." வழக்கமாக எல்லாவற்றிலும் கருத்துச் சொல்கிற ரோஸ்லெட் ரசப் பாத்திரத்தை மூடி வைத்தாள். "நீதான் சொல்லணும். நெசத்தச் சொல்லு. எங்களுக்குப் பிடிக்கணும்னு சொல்லாத, அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கணும்னும் சொல்லாத."

புதன்கிழமை காலை குழு கூடுவதற்கு முன்பு கெசியா பார்வைக்கூடத்துக்குப் போனாள். வெண்மேட்டில் சூரியன் தலைக்கு மேலே வருவதில்லை. அடிவானத்தை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம், கண்ணாடிக்கு அப்பால், பாறை முகட்டின்மேல் பூமி பாதி எழும்பி நின்றது. வெள்ளையும் நீலமுமாக இருந்தது. எங்கோ ஒரு மூலையில் மழை பெய்துகொண்டிருக்கும்.

"ஆண்டவரே" என்றாள் வாய்விட்டு. "எனக்கு அது பிடிக்கும். பொய் சொல்லல. ஆனா அங்க போகாததால நான் குறைஞ்சு போயிட்டேன்னு உமக்குத் தோணுதா? எனக்குத் தோணல. உமக்கும் தோணலைன்னா இன்னைக்கு என் நாக்கைப் பாத்துக்கிடும்."

 திரும்பி நடந்தபோது, தன் கால் தரையைத் தொட்டு, தள்ளி, எழும்பி, மிதந்து, மறுபடி தொடுவதை அவள் உணர்ந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த நடை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கூட்டம் சாப்பாட்டுக்கூடத்தில். இடம் போதாமல் சுவரோரம் நின்றார்கள். முன்னால் ஐந்து பேர் குழு. நடுவில் நிர்வாகி கோவர்த்தனன். கயல்விழியும் அவள் கணவனும் கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்லெட் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கோவர்த்தனன் நல்ல மனிதர். ஒவ்வொரு ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டு மறுபடி மறுபடி இங்கேயே வந்தவர். கெசியா சிறுமியாக இருந்தபோது தன் பங்கு சாக்லேட்டை அவளுக்குக் கொடுத்தவர். அதனாலேயே அவர் பேசியது கனமாக இருந்தது.

"இதுல யார் மேலயும் கோபம் இல்லை" என்றார். "எனக்கு ஒரே கவலைதான். காற்று எந்திரம் நாளைக்கே நின்னுபோனா எழுபத்திரண்டு மணி நேரத்துல எல்லாரையும் கப்பல்ல ஏத்தணும். அப்ப பூமிக்குப் போக முடியாத ஒரு குழந்தையை நான் என்ன பண்ணுவேன்? ஊசி இருக்கும்போது போடாம விட்டது யார்னு கேப்பாங்க. கெசியா, உங்களை வச்சுப் பேசுறேன்னு நினைக்காதீங்க. உங்களுக்காக நான் இருபது வருஷமா பயந்துக்கிட்டிருக்கேன். இன்னொருத்தருக்காகவும் பயப்பட எனக்குத் தெம்பில்லை."

டாக்டர் நஸ்ரின் ஊசியின் நன்மையையும் ஆபத்தையும் சுருக்கமாகச் சொன்னார். பிறகு கெசியாவை அழைத்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். குழுவின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், முதல்ல வருத்தம் என்னென்னன்னு சொல்லிடுறேன். கடல்ல கால் நனைக்கணும்னு ஆசை, நடக்காது. எங்க சொந்தக்காரங்க ஒருத்தரையும் நான் தொட்டதில்லை. என் வயசுல இங்க யாரும் இருந்ததில்லை. பத்து வயசு வரைக்கும் சுவத்துல பந்து போட்டு நானே பிடிச்சுத்தான் விளையாடினேன். இதெல்லாம் உண்மை. கயல் அக்கா இதைக் கேட்டுட்டுத்தான் முடிவு எடுக்கணும்."

கயல்விழி தலையசைத்தாள்.

"ஊசி போடுறது தப்புன்னு நான் சொல்லல. அதைக் கண்டுபிடிச்ச அறிவும் ஆண்டவர் குடுத்ததுதான். பிள்ளை ஒருநாள் மழையைப் பாக்கணும்னு போட்டா, நான் அதுக்காக ஜெபம் பண்ணுவேன். ஆனா என்னை மாதிரி இன்னொருத்தி வந்துடக் கூடாதுன்னு போடாதீங்க. என் எலும்பு கெட்டுப்போன பூமி எலும்பு இல்ல சார். இது நல்ல நிலா எலும்பு."

யாரோ சிரித்தார்கள். கெசியாவும் சிரித்தாள்.

"என்னை எதுக்காக இப்படிப் பண்ணினார்னு எனக்கு முழுசாத் தெரியாது. அவர் சொல்லவும் இல்ல. ஆனா பண்ணினவர் வேற எதையோ பண்ணப் போய்க் கை தவறி என்னைப் பண்ணல. அதை நான் நம்புறேன். நம்பாம ஒரு வருசம் இருந்து பாத்துட்டுத்தான் சொல்றேன். நம்பும்போதுதான் எனக்கு நடக்க நல்லா வருது."

"எல்லாம் சரி கெசியா" என்றார் கோவர்த்தனன். "நாளைக்கு இந்த இடத்தை மூட வேண்டி வந்தா?"

"மூடாதீங்க சார்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லல. எல்லாரும் போயிடலாம்னு இருக்கிறதாலதான் காற்று எந்திரத்துக்கு இன்னும் ஒரு மாற்று இல்ல. போக முடியாதவங்க நாலு பேர் இருந்தா நீங்க ரெண்டாவது எந்திரம் வாங்கியிருப்பீங்க. எனக்காக இருபது வருசம் பயந்ததுக்குப் பதிலா, ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?"

கோவர்த்தனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குழு உள்ளறைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மூன்றுக்கு இரண்டு. ஊசி கட்டாயம் இல்லை, பெற்றோர் முடிவு. இரண்டாவது காற்று எந்திரத்துக்கு உடனே எழுதுவது. கோவர்த்தனன் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று கேட்டதற்கு, "அதைச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு" என்றார். முகம் மட்டும் சிறுபிள்ளை முகம் மாதிரி இருந்தது.

அன்று பிற்பகலே கயல்விழி மருத்துவப் பிரிவுக்குப் போனாள். "நீயும் வா, எனக்குப் படபடன்னு வருது" என்று கெசியாவையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நஸ்ரின் மேசையில் இருந்தார். ரோஸ்லெட் அலமாரியில் மருந்துக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம் டாக்டர்" என்றாள் கயல்விழி. "ஊசி வேண்டாம். பிள்ளை அதும்பாட்டுக்கு எப்படி வளருதோ அப்படியே வளரட்டும். பயம் போகல, ஆனாலும் வேண்டாம். இந்தக் கெசியாவோட சாமி எனக்கு எவ்வளவு தூரம் பழக்கம்னு தெரியல. ஆனா அவர் பண்ணிக்கிட்டிருக்கிறதை நடுவுல போய்த் தட்டிவிட எனக்குக் கை வரல."

"ஒப்பந்தம் முடிஞ்சாலும் இங்கேயே இருக்கணும். யோசிச்சிட்டீங்களா?"

"எங்கம்மாவை இங்க வரவழைக்கப் போறேன். அறுபது வயசு. கால் வலின்னு வீட்டைவிட்டே வெளிய வர்றதில்ல. இங்க ஆறுல ஒரு பங்குதான கனம்? கெசியா நடக்கச் சொல்லிக்குடுப்பா." அவள் கெசியாவைப் பார்த்தாள். "எங்கம்மா என்னைவிட மோசம். முன்கூட்டியே சொல்லிட்டேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். ஊசி வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திடும் படிவம். கயல்விழி கையெழுத்துப் போட்டாள்.

"டாக்டர்" என்றாள் ரோஸ்லெட், அலமாரிப் பக்கம் திரும்பியபடியே. "அதுல இன்னொரு படிவம் எடுங்க."

"எதுக்கு சிஸ்டர்? ஒண்ணு போதும்."

"கயலுக்கு இல்ல. எனக்கு."

பேனா டாக்டரின் விரலிலிருந்து நழுவி, நிலவின் வழக்கப்படி மெதுவாகக் கீழே போயிற்று.

"அம்மா?" என்றாள் கெசியா.

ரோஸ்லெட் திரும்பினாள். நாற்பத்து நான்கு வயது முகம் கல்யாணப் பெண் மாதிரி சிவந்திருந்தது. "பதினாலு வாரம். வயசாச்சு, இனி எனக்குக் கருத்தடை மருந்து தேவையில்லன்னு ரெண்டு வருசத்துக்கு முன்ன நிறுத்தியாச்சுல்லா? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். நானே சோதிச்சுப் பாத்தேன். மூணு தடவ பாத்தேன்."

"சிஸ்டர், என்கிட்டகூடச் சொல்லலையே!" டாக்டர் எழுந்தே விட்டார். "இன்னைக்கு ஓட்டு மாறியிருந்தா?"

"ஊசி போட்டுருப்பேன். பயந்துட்டே போட்டுருப்பேன்."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் கெசியா. "அன்னைக்கு மேசையில நான் கேட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன்னீங்க."

"சொல்லியிருந்தா நீ எனக்காகப் பேசியிருப்ப மக்களே. ஒனக்கத் தம்பியோ தங்கச்சியோ வருதுன்னா வேற என்ன சொல்லுவ?" ரோஸ்லெட் மகளின் அருகே வந்தாள், மகளின் தோள் அவள் தலைக்கு மேலே இருந்தது. "உன்னைப் பெத்தது சரியான்னு இருபத்திரண்டு வருசமா நான் ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன். அவரு பேசாம இருந்தாரு. ஒனக்க வாயில இருந்து கேக்கணும்னு இருந்திருக்கு போல. அத எனக்குச் சாதகமா வளைச்சுக் கேக்க எனக்கு மனசு வரல்ல."

கெசியா குனிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்தன. கயல்விழி இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தாள். சந்தோஷத்தில் தரையை ஓங்கி மிதித்துவிட்டதால் கூரைக்குப் போய்த் தலையை இடித்துக்கொண்டு கீழே வந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கெசியா, மூச்சு வாங்க.

"தெரியாது. சொன்னா அவரால ஒளிச்சு வைக்க முடியாது. ஜெபத்துல ஒளறிருவாரு." ரோஸ்லெட் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, இனி ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாதவள்போல, சுவரில் இருந்த பேசும் கருவியை எடுத்துச் சுரங்கத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா, அது பொதுத் தடம்! எல்லாருக்க தலைக்கவசத்துலயும்..."

"ஏங்க" என்றாள் ரோஸ்லெட் கருவியில். "நான்தான். கேக்குதா? நமக்கு இன்னொரு பிள்ளை வருது. நல்லா இருக்கு. பதினாலு வாரம்."

மறுமுனையில் வெல்டிங் சத்தம் நின்றது. துளையிடும் எந்திரம் ஒன்று நின்றது. பிறகு இன்னொன்று. சுரங்கத்தில் அந்த நேரம் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ரோஸ்லெட்டுக்கு அப்போதுதான் தான் செய்தது புரிந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பிறகு சத்தியதாஸின் குரல் வந்தது. மூப்பரின் குரல் இல்லை அது. கப்பலைப் போகவிட்டுவிட்டு நின்ற வாலிபனின் குரல்.

"ரோஸ்லெட்" என்றார். "நீ காலைல சாப்பிட்டியா?"

முப்பது பேரும் ஒரே நேரத்தில் கத்திய கத்தலில் கருவி கரகரத்துப்போயிற்று.